பொருநைக் கரையின் இரட்டை வாக்கியங்கள்

திருநெல்வேலிச் சீமையின் சரித்திரத்தை 1881-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட கால்டுவெல் ஐயர், அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னே தாமிரபரணியின் முகத்துவாரப் பிரதேசத்தில் கொற்கையையும் பழைய காயலையும் ஆராயச் சென்றபோது, காயலின் வெட்டவெளியில் கால் வைத்த இடமெல்லாம் உள்ளூர்க் குயவர் வனைந்த ஓடுகளோடு கலந்து, அரேபிய மட்கலத் துண்டுகளும், உயர்ந்தது தாழ்ந்தது என்னும் பேதமின்றிச் சகல தரத்துச் சீனப் பீங்கான் சில்லுகளும் சிதறிக் கிடக்கக் கண்டார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு வியந்த துறைமுகம் அது. பாரசீக வளைகுடாவிலிருந்து குதிரைகளை ஏற்றி வந்த கப்பல்கள் அங்கே நின்றன. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செங் ஹோ என்னும் சீனத் தளபதி நடத்திய கடற்பயணங்களின் குறிப்புகளிலும் காயலின் பெயர் சீனர் நாவுக்கு ஏற்றபடி திரிந்து காணப்படுகிறது. பீங்கான் வந்த வழியே மனிதரும் வந்திருப்பர். மனிதர் வந்த இடத்தில் பேச்சும் நிகழ்ந்திருக்கும். தமிழன் ஒருவனும் சீனன் ஒருவனும் அந்த மணல்மேட்டில் எதிரெதிரே நின்று எந்தப் பாஷையில் விலை பேசினார்கள் என்று கேட்டால், இருவருடைய பாஷையிலும் அன்று, பாரசீகத்திலோ மலாயிலோ, இடையில் நின்ற தரகன் ஒருவனுடைய நாவின் மூலமாகவே பேசியிருப்பார்கள் என்பதுதான் நியாயமான உத்தரம். வர்த்தகத்துக்குத் தரகன் போதும், புத்தகம் வேண்டுவதில்லை.

புத்தகம் வேண்டியவர்கள் வேறு இரண்டு கூட்டத்தார்: அரசாங்கத்தாரும் சமயத்தாரும். ஒருவன் மனத்தை இன்னொருவன் பாஷையில் மாற்ற நினைப்பவனும், ஒருவன் எழுதிய விண்ணப்பத்தை இன்னொருவன் பாஷையில் படித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டியவனும் தரகனை நம்பிக் காலம் கழிக்க முடியாது. ஒரு பக்கத்தில் ஒரு பாஷையும் மறுபக்கத்தில் மற்றொரு பாஷையுமாக வாக்கியங்களை ஜோடி சேர்த்து எழுதி, அவ்வாக்கியங்களின் மூலமாகச் சொற்களைக் கற்கும் முறை உலகத்தில் எங்கெங்கே தோன்றியதோ அங்கெல்லாம் இவ்விருவரில் ஒருவர் கை இருக்கக் காணலாம். சீனத்திலேயே, 1407-ஆம் ஆண்டில் மிங் அரசர் மொழிபெயர்ப்பாளரைப் பயிற்றுவதற்கென ஒரு சாலை நிறுவி, மங்கோலியம், திபெத்தியம், பாரசீகம், பர்மியம் முதலியவற்றுக்கு எட்டுப் பிரிவுகள் வகுத்தார். அங்கே மாணவர் கையில் கொடுக்கப்பட்ட ஏடுகளில் முதற்பகுதி இனம் பிரித்த சொற்கோவை, அடுத்த பகுதி அயல்நாட்டார் பேரரசருக்கு அனுப்பும் விண்ணப்பங்களும் அவற்றுக்கு நேரான சீன வாசகங்களும். வானம், பூமி, மிருகம், ஆடை என்று சொற்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்த மாணவன், அவை ஒன்றோடொன்று கூடி எப்படி நடக்கின்றன என்பதை அந்த விண்ணப்பங்களில்தான் கண்டுகொண்டான். தமிழுக்கென்று அங்கே ஒரு பிரிவு இருக்கவில்லை.

ஆயினும் தமிழும் சீனமும் ஒரே கல்லில் அருகருகே நின்ற காட்சிகள் உண்டு. சீனத்துச் சுவான்சௌ நகரில் தமிழ் வணிகர் எழுப்பிய சிவாலயத்தின் 1281-ஆம் ஆண்டுச் சாசனம் தமிழில் ஓடிக் கடைசி வரியில் சீன எழுத்தில் முடிகிறது. இலங்கையின் காலித் துறையில் செங் ஹோ நிறுவுவித்த மும்மொழிக் கல், 1409-ஆம் ஆண்டில் தேதியிட்டு நான்கிங் நகரிலேயே பொறிக்கப்பட்டுக் கப்பலேறி வந்தது. அதைப் படிப்பவர்க்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. சீன வாசகம் புத்தரைத் துதிக்கிறது. தமிழ் வாசகம் தேனாவரை நாயனாரைத் துதிக்கிறது. பாரசீக வாசகம் இஸ்லாமியர் வணங்கும் இறைவனைத் துதிக்கிறது. காணிக்கைப் பட்டியலோ மூன்றிலும் ஏறக்குறைய ஒன்று, பொன்னும் வெள்ளியும் பட்டும் எண்ணெயும். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் மூன்று கூட்டத்தாரில் இருவர் மனம் நோகும் என்று அறிந்த ஒரு ராஜதந்திரி, மொழிபெயர்ப்பை விட்டு மரியாதையைப் பெயர்த்திருக்கிறான். பாஷை கற்பிக்கும் நூல்கள் செய்யத் துணியாத காரியம் இது. ஏனெனில் அந்நூல்களின் உயிரே இரண்டு வரியும் ஒரே பொருளைச் சொல்கின்றன என்னும் நம்பிக்கைதான்.

நம் நதிக்கரைக்குத் திரும்புவோம். காயல் துறை மணல் தூர்ந்து மறைந்த பின், அதே நதி கடலோடு கலக்கும் புன்னைக்காயலும் அதற்கு வடக்கே தூத்துக்குடியும் தெற்கே மணப்பாடும் முத்துக்குளித்துறையின் முக்கிய ஊர்களாயின. பரதவ மக்கள் ஞானஸ்நானம் பெற்ற சில ஆண்டுகளுக்குப் பின், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அக்கரையில் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது; மக்களுக்குப் போர்த்துக்கேயம் தெரியாது. இரண்டும் சிறிது சிறிது அறிந்த உள்ளூர்க்காரர் சிலரைக் கூட்டி வைத்து, பிரார்த்தனைகளையும் கட்டளைகளையும் வெகு சிரமத்தோடு தமிழாக்குவித்து, அதைத் தாம் நெட்டுருச் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாய்ச் சென்று பிள்ளைகளைச் சேர்த்து ஓதுவித்ததாக 1544-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் எழுதிய கடிதத்தில் அவரே தெரிவிக்கிறார். பொருள் முழுவதையும் ஓதுகிறவர் அறியாமல் கேட்கிறவர் அறியும் விநோதமான வகுப்பு அது! அந்த அவசர மொழிபெயர்ப்பில் பிழைகள் மலிந்திருந்ததைப் பின் வந்தவர் கண்டு திருத்தினர் என்பதில் வியப்பில்லை. வியப்பு, அந்த ஓதுதலில் பழகிய ஒரு தலைமுறைக்குள்ளே இரண்டு பாஷையையும் நேருக்கு நேர் நிறுத்திய ஒரு நூல் அச்சேறியதுதான்.

அந்நூல் 1554-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் லிஸ்பன் நகரில், போர்த்துக்கல் அரசரின் ஆணைப்படி, ஜெர்மாவோ கல்லார்தே என்பவருடைய அச்சுக்கூடத்தில் வெளியாயிற்று. தமிழும் போர்த்துக்கேயமும் கொண்ட சிறு வேதபோதகப் புத்தகம் அது. தமிழ் எழுத்து அப்போது வார்க்கப்படவில்லையாகையால் தமிழ் வாசகம் ரோமன் எழுத்தில் நிற்கிறது. ஏட்டைத் திறந்தால், பெரிய எழுத்தில் தமிழ் வரி ஒன்று. அதன் தலைமேல் சிற்றெழுத்தில், ஒவ்வொரு தமிழ்ச் சொல்லின் நேர் மேலே, அதன் போர்த்துக்கேயப் பொருள். இவ்வாறு சொல் சொல்லாகப் பொருள் காட்டியதோடு அமையாமல், தொடர்ந்து வாசிக்கத்தக்க போர்த்துக்கேய வாசகமும் உண்டு. கறுப்பும் சிவப்புமாக இரு நிற மை. ஓர் இந்திய பாஷையின் வாசகம் அச்சு யந்திரத்தைக் கண்ட ஆதி நூல்களுள் இது முதன்மையானது.

இந்த அமைப்பை நான் சற்று நின்று பார்க்கும்படி வாசகரை வேண்டுகிறேன். ஏனெனில் பிற்காலத்து ஆசிரியர்கள் முந்நூறு ஆண்டுகள் தடுமாறி உணர்ந்த ஓர் உண்மை இதில் முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கிறது. தமிழ் வாக்கியம் வினையைக் கடைசியில் வைத்துக் காத்திருக்கச் செய்வது; போர்த்துக்கேய வாக்கியம் வினையை முன்னே விட்டுப் பொருளைப் பின்னே இழுத்துச் செல்வது. வேற்றுமை உருபுகளை நாம் சொல்லின் வாலில் கட்டுகிறோம். அவர்கள் தலையில் கட்டுகிறார்கள். ஆகவே தமிழ்ச் சொல்லின் மேல் அதனதன் பொருளைக் குறித்துக்கொண்டே போனால், மேல் வரி லிஸ்பனில் ஒருவருக்கும் விளங்காத குழப்பமாகிவிடும். அதை அறிந்துதான் மூன்றாவதாக ஒரு வாசகத்தையும் சேர்த்தார்கள். மேல் வரி சொல்லைக் கற்பிக்கிறது. தொடர் வாசகம் பொருளைக் கற்பிக்கிறது. இரண்டுக்கும் இடையேயுள்ள பிணக்கு, கூர்ந்து பார்ப்பவனுக்கு இலக்கணத்தையே கற்பித்துவிடுகிறது. இவ்வளவு நுட்பத்தைச் செய்தவர் யாரென்றால், விசென்டே தெ நசரே, ஜார்ஜ் கர்வாலியோ, தோமா தா குருஸ் என்னும் மூவர். பெயர்கள் போர்த்துக்கேய உடை உடுத்தியிருப்பினும் மூவரும் லிஸ்பனுக்குச் சென்றிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்களே. முத்துக்குளித்துறையினராயிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

புன்னைக்காயலில் நெடுங்காலம் வசித்த அன்ரிக்கே அன்ரிக்கசு என்னும் பாதிரியார் வேறு வழியில் சென்றார். 1546-இல் இந்தியா வந்து, மறு வருஷமே இக்கரையில் அமர்ந்த அவர், மொழிபெயர்ப்பாளன் தோளில் சாய்ந்து நிற்பதை வெறுத்து, லத்தீன் இலக்கணத்தின் அச்சில் தமிழின் வினைகளையும் வேற்றுமைகளையும் வார்த்துப் பார்த்து, போர்த்துக்கேயத்தில் ஒரு தமிழ் இலக்கணம் எழுதிக்கொண்டார். கையெழுத்துப் பிரதியாகவே நூற்றாண்டுகள் லிஸ்பனில் கிடந்த அது, எங்கள் காலத்தில்தான் 1982-இல் பதிப்பும் 2013-இல் ஆங்கில மொழிபெயர்ப்பும் பெற்றது. அவருடைய தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்திலும், கிரிசித்தியானி வணக்கம் அடுத்த ஆண்டு கொச்சியிலும் தமிழெழுத்திலேயே அச்சாயின. அடியார் வரலாறு 1586-இல் வெளிவந்தது, புன்னைக்காயலில் அச்சிட்டது என்பது வழக்கு. அச்சுக்கு வேண்டிய பொருளைப் பரதவ மக்களே உதவினர். அன்ரிக்கசு 1600-இல் இறக்கும்வரை பெரும்பாலும் இக்கரையிலேயே உழைத்தார்.

இதன்பின் வீரமாமுனிவர் வருகிறார். காமநாயக்கன்பட்டியிலும் பிற ஊர்களிலும் பயின்ற தமிழைக் கொண்டு அவர் செய்த சதுரகராதியும் கொடுந்தமிழ் இலக்கணமும் பலரால் பல இடங்களில் பேசப்பட்டவை. மேலும் அவர் புலமை நாடிய புலவர். நாம் தேடும் எளிய ஜோடி வாக்கியம் அவர் வழியன்று. கடந்து போகலாம்.

1820-ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் என்னும் ஜெர்மானியர் அங்ஙனம் கடந்து போகத்தக்கவர் அல்லர். பதினெட்டு ஆண்டுகள் அவ்வூரில் உழைத்து, அவ்வூரிலேயே 1838-இல் மாண்ட அவர், வேதாகமத்தை மொழிபெயர்க்கும் முறையைப் பற்றி 1827-இல் ஒரு தனிக் கட்டுரையே எழுதி வெளியிட்டார். மூல வாக்கியத்தின் எலும்பைத் தமிழில் ஏற்றுவதா, அதன் உயிரை ஏற்றுவதா என்பதே வழக்கு. தமக்கு முந்தியவர்களுடைய சொல்லுக்குச் சொல்லான பெயர்ப்பு தமிழன் காதில் தமிழாக ஒலிக்கவில்லை என்று கண்ட அவர், உயிரின் பக்கம் நின்றார். அதனால் வந்த கண்டனங்களையும் ஏற்றார். 1834-இல் வெளியான அவருடைய தமிழ் இலக்கணம் இந்தக் கொள்கையின் நடைமுறை எனலாம். புலவர் பாஷைக்கும் சந்தைப் பாஷைக்கும் நடுவே, படித்தவர் பேசி எழுதும் நடையொன்றைப் பிடித்து, தொடரிலக்கணத்தின் ஒவ்வொரு விதிக்கும் தமிழ் உதாரணத்தையும் அதன் ஆங்கிலத்தையும் அருகில் வைத்து விளக்கினார். ஆங்கிலத்தில் நினைத்துத் தமிழில் போர்த்திய வாக்கியங்களாக இல்லாமல், தமிழர் வாயில் முதலில் பிறந்து, ஆங்கிலம் பின்னால் நடந்து வரும் வாக்கியங்களை அவர் விரும்பினார். பூமி சாஸ்திரம் என்னும் வசன நூலை 1832-இல் தமிழில் எழுதியவருக்கு அந்த விருப்பம் இருந்ததில் ஆச்சரியம் என்ன?

இம்முறை முழு உருவம் பெற்றது போப்பையர் கையில். 1839-இல் சென்னைக்கு வந்து, இராமானுச கவிராயரிடம் தமிழ் கற்று, 1842 முதல் ஏழெட்டு ஆண்டுகள் தாமிரபரணிக்கு வடக்கே செந்நிறத் தேரியும் பனையும் சூழ்ந்த நாட்டுக்கு அண்மையில், சாயர்புரத்தில் ஒரு கல்விச் சாலையை நடத்தி, அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் லத்தீனும் கிரேக்கமும் புகட்டியவர் அவர். ஒரு பாஷையைக் கற்பவனும் மற்றொரு பாஷையைக் கற்பிப்பவனும் ஒரே நபராயிருக்கும் நிலை அவருக்கு வாய்த்தது. சாயர்புரத்தை விட்டுத் தஞ்சைக்குச் சென்ற பின் 1855-இல் அவர் வெளியிட்ட தமிழ்க் கைந்நூல், அயல்நாட்டார் தமிழ் கற்கவும் தமிழர் ஆங்கிலம் கற்கவும் ஒருங்கே பயன்படும் என்று தன் முகப்பிலேயே அறிவித்துக்கொண்டது. ஒரே புத்தகம், இரு திசையில் படிக்கலாம்! முறையையும் முகப்பிலேயே சொன்னார்: ஒல்லெண்டார்ப் என்பவரும் ஆர்னால்டு என்பவரும் வகுத்த முறை.

ஒல்லெண்டார்ப், ஜெர்மானியத்தைக் கேள்வியும் விடையுமான சிறு வாக்கியங்களால் கற்பிக்கும் நூலை 1830-களில் பாரீசிலிருந்து வெளியிட்டு ஐரோப்பா எங்கும் புகழ் பெற்றவர். ஆர்னால்டு, இங்கிலாந்தின் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கில வாக்கியங்களை லத்தீனாக்கிப் பழகும் பயிற்சி நூலை எழுதியவர். இருவர் யுக்தியையும் கலந்தால் வருவது இது: பாடத்துக்குச் சில புதுச் சொற்கள், அச்சொற்களையும் முன் பாடத்துச் சொற்களையும் கொண்டு பின்னிய வாக்கியங்கள், மாணவன் தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் ஆக்க வேண்டியது, பின்னர்த் தான் செய்தது சரியா என்று ஒத்துப்பார்க்க இறுதியில் விடைப்பகுதி. ஒவ்வொரு சொல்லும் பல பாடங்களில் பல துணைகளோடு திரும்பத் திரும்ப வருமாகையால், அகராதியைப் பார்த்து மனப்பாடம் செய்தவனுக்கு ஒரு வாரத்தில் மறக்கும் சொல் இவனுக்கு மறப்பதில்லை. இந்த விடைப்பகுதியின் மகிமையை வாத்தியார் இல்லாத ஊரில் தனியே படித்தவர்களைக் கேட்டால் தெரியும்.

கைந்நூலின் அனுபந்தம் இதைவிடச் சுவையானது. அங்கே கடிதங்கள், பத்திரங்கள், புகார் மனுக்கள், உத்தியோக தஸ்தாவேஜுகள் ஆகியவற்றைப் பிரித்துப் பொருள் காட்டியிருக்கிறார். பாதிரியாருக்கு எதற்குப் புகார் மனு? சென்னை ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி 1812-இல் தோன்றியது முதற்கொண்டே கம்பெனி உத்தியோகஸ்தர் நாட்டு பாஷையில் தேர்ச்சி காட்ட வேண்டியிருந்தது. கலெக்டரின் மேஜைமேல் வந்து விழும் மனுவைப் படிக்கத் தெரியாதவன் சிரஸ்தாரின் நாவுக்கு அடிமை. மிங் அரசரின் சாலையில் விண்ணப்பத்தைக் கொண்டு அயல் பாஷை கற்பித்ததற்கும், நானூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழ்நாட்டில் மனுவைக் கொண்டு தமிழ் கற்பித்ததற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இரண்டு ராஜாங்கத்துக்கும் தேவை ஒன்றாயிருந்தது, அவ்வளவே. அதே காலத்தில் சீனத்திலிருந்த ஆங்கில ராஜதந்திரி தாமஸ் வேடு 1867-இல் வெளியிட்ட பீக்கிங் பேச்சு மொழி நூலும் சொற்களைப் பயிற்சி வாக்கியங்களில் கோத்து, பொருள் காட்டும் துணை நூலொன்றோடு வந்தது. தாமிரபரணிக் கரையில் பழகிய பாதிரியாரும் பீக்கிங் நகரத்து ராஜதந்திரியும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே வகைப் பலகையில் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

குறையையும் சொல்ல வேண்டும். இவ்வகைக் கைந்நூல்களை வரிசையாகப் படிப்பவன், வாக்கியங்களில் யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதை விரைவில் கண்டுகொள்வான். ஏவுகிறவன் துரை, ஓடுகிறவன் வேலையாள். குதிரை, பல்லக்கு, விளக்கு, வெந்நீர், வழி, கூலி இவற்றைச் சுற்றியே பல புத்தகங்களின் உலகம் சுழலுகிறது. இத்தகைய வாக்கியங்களில் பழகிய அயலான் தமிழில் கட்டளையிட நன்றாக அறிவான். பெரியவர் ஒருவரிடம் வணக்கத்தோடு ஒரு சந்தேகம் கேட்க வேண்டியபோது நாக்குத் திணறுவான். அந்தப் புத்தகத்தையே மறுபுறமாகத் திருப்பி ஆங்கிலம் கற்ற தமிழ்ப் பிள்ளைக்கோ, ஆங்கிலத்தில் முதலில் கிடைத்த வாக்கியங்கள் ஏவல் கேட்பவனின் வாக்கியங்களாயின. பாஷையோடு அந்தஸ்தும் கற்பிக்கப்பட்டது. இதற்காகப் போப்பையரைக் குற்றம் சொல்வது தகாது. மனுவையும் பத்திரத்தையும் சேர்த்ததால், ஏவல் வாங்குகிறவன் நீதி கேட்டு எழுதும் குரலையும் அவர் தம் நூலில் இடம்பெறச் செய்தார். குடியானவன் ஒருவன் தன் நிலத்தைப் பற்றி எழுதும் நீண்ட வாக்கியம், ஓராயிரம் குதிரைக்காரன் வாக்கியங்களைவிட அதிகத் தமிழைக் கற்பிக்கும் என்பது என் அபிப்பிராயம்.

சென்னைச் சர்வகலாசாலை 1857-இல் தோன்றிய பின் மொழிபெயர்ப்பு என்பது பரீட்சைக்குரிய விஷயமாகி, திருநெல்வேலியிலும் பாளையங்கோட்டையிலும் எழுந்த ஹைஸ்கூல்களிலும் காலேஜுகளிலும் பலகையின் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று எழுதுவது நித்திய வழக்கமாயிற்று. சுப்பிரமணிய பாரதியார் படித்த இந்துக் கலாசாலை அவற்றுள் ஒன்று. பிறகு அம்முறை பள்ளிக்கூட வாசலையும் தாண்டி, முப்பதே நாட்களில் ஆங்கிலமும் இந்தியும் மலையாளமும் வரும் என்று வாக்களிக்கும் மலிவுப் பதிப்புகளாகப் பேருந்து நிலையங்களிலும் ரயிலடிகளிலும் விற்கலாயிற்று. முப்பது நாள் என்பது வியாபாரியின் வாக்கு. ஆனால் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிய எத்தனையோ பேர் விமானத்தில் ஏறும்வரை புரட்டியது அந்தப் புத்தகத்தைத்தான்.

இந்நூல்களின் தமிழ்ப் பாதியைச் செய்தவர் யார் என்னும் கேள்வி மட்டும் எஞ்சுகிறது. ஒவ்வொரு துரைக்குப் பின்னும் ஒரு முன்ஷி இருந்தான். உதாரண வாக்கியம் தமிழாக ஒலிக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டு, அங்கே ஓர் உருபை நீக்கி, இங்கே ஒரு வினையைத் திருப்பிக் கொடுத்தவன் அவனே. இராமானுச கவிராயரைப் போலச் சுயமாக நூல் செய்த சிலருடைய பெயர் நின்றது. கரையிருப்பில் பிறந்து 1853-இல் சாயர்புரத்தில் தமிழாசிரியராக அமர்ந்த கிருஷ்ண பிள்ளை பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் பாடியதால் நினைக்கப்படுகிறார். மற்றவர்கள் மாதச் சம்பளக் கணக்கில் மட்டும் வாழ்ந்தார்கள். முகப்பேட்டில் அவர்களுக்கு இடமில்லை.

அப்படிப் பார்க்கும்போது 1554-ஆம் ஆண்டு நூலின் சிறப்பு இரட்டிப்பாகிறது. இரு பாஷைகளையும் ஜோடி சேர்த்த அந்த ஆதிப் புத்தகத்தைச் செய்தவர்கள் தமிழர்களே, அவர்கள் பெயரும் அதில் அச்சாகியிருக்கிறது. தமிழச்சின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிறவர்கள் 1578-இல் கொல்லத்திலிருந்து தொடங்குவதை விட்டு, அதற்கு இருபத்துநாலு ஆண்டுகளுக்கு முன் லிஸ்பனில் அமர்ந்து ஒவ்வொரு தமிழ்ச் சொல்லுக்கும் மேலே அதன் பொருளைக் குறித்த அந்த மூவரிடமிருந்து தொடங்குவார்களாக. குறைந்தபட்சம் முத்துக்குளித்துறையின் பள்ளிக்கூடங்களிலாவது அம்மூவர் பெயரும் சொல்லிக் கொடுக்கப்படட்டும்.